"வெள்ளன" எப்படி "வெள்ளை நான்" ஆனது? கணினி நம் பேச்சைக் கேட்கும் விதம்

"தம்பி நாளைக்கு வெள்ளை நான் வெளி கிட்டு வா."

ஒரு சனிக்கிழமை இரவு அம்மம்மாவிடமிருந்து வட்ஸ்அப்பில் எனக்கு வந்த செய்தி இது. உரும்பிராயில் இருக்கிற அம்மம்மாவுக்குப் போனில் உள்ள சின்ன எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. மைக் படத்தை அமத்திவிட்டுக் கதைத்தால் போன் தானே எழுதும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். வெள்ளை எது, இதில் நான் என்பது யார் என்று கொஞ்ச நேரம் மண்டையைப் போட்டு உடைத்துவிட்டு, கடைசியில் கோல் எடுத்துக் கேட்டேன். அவ சொன்னது இதுதான்: "தம்பி, நாளைக்கு வெள்ளன வெளிக்கிட்டு வா." காலமையே புறப்பட்டு வா என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற வசனம்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் கணினி எப்படிப் பேச்சைக் கேட்கிறது, எந்த இடத்தில் அதற்குக் காது கேட்காமல் போகிறது என்பதெல்லாம் இந்த ஒரு பிழைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அம்மம்மாவின் ஐந்து சொற்களையும் அவவின் வாயிலிருந்து போன் திரை வரைக்கும் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம்.

வாயிலிருந்து வெளியே வருவது காற்றில் உண்டாகிற அதிர்வு மட்டும்தான். அது போனின் மைக்கில் இருக்கிற மெல்லிய தகட்டில் மோதுகிறது. தகடு முன்னும் பின்னுமாக அசைகிறது. அந்த அசைவு எவ்வளவு என்பதைப் போன் அளந்து அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. பேச்சை அடையாளம் காணும் மென்பொருள்களில் பொதுவாக ஒரு செக்கனுக்கு 16,000 தடவை இப்படி அளப்பார்கள். அம்மம்மாவின் வசனம் 3 செக்கன் என்று வைத்துக்கொண்டால், போனின் கையில் இப்போது 48,000 எண்கள் இருக்கின்றன. அவ்வளவுதான் அதனிடம் உள்ளது. அந்தக் குவியலுக்குள் "தம்பி" என்று எழுதிய இடம் எதுவும் இல்லை.

16,000 என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு ஒலி செக்கனுக்கு எத்தனை தரம் அதிர்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு தடவையாவது அளந்தால்தான் அந்த ஒலியைத் தவறவிடாமல் பிடிக்கலாம். 16,000 தடவை அளந்தால் 8,000 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 8,000 அதிர்வு, வரையுள்ள ஒலிகள் கிடைக்கும். பேச்சுக்கு அது தாராளம். பழைய தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைதான் கடத்தின. ஸ், ஃப் போன்ற உரசொலிகளின் பெரும்பங்கு அதற்கு மேலே இருப்பதால் வெட்டுப்பட்டுப் போகும். தொலைபேசியில் இங்கிலீஷ் எழுத்துச் சொல்லும்போது எஸ், எஃப் இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதற்குக் காரணம் இதுதான். மனிதக் காதே அங்கே தடுமாறுகிறது.

சரி, 48,000 எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்படியே பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஒரே ஆள் ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னால்கூட அந்த எண்கள் ஒத்துவராது. அதனால் மென்பொருள் அந்த ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு வழக்கமாக 25 மில்லிசெக்கன்; ஒவ்வொரு 10 மில்லிசெக்கனுக்கும் ஒரு புதிய துண்டு, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கிற மாதிரி. ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் கீழ்ச்சுருதி எவ்வளவு, மேல்ச்சுருதி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறது. இந்தப் பிரிப்புக்கான கணிதம் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியே 200 வருடங்களுக்கு முன்பு கொடுத்தது. அவர் அதை வைத்து ஆராய்ந்தது வெப்பம் பரவுவதை. நாங்கள் அதே கணிதத்தை அம்மம்மாவின் குரலுக்குப் பாவிக்கிறோம்.

இந்தப் பிரிப்பு ஏன் உதவுகிறது என்பதற்கு நல்லூர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். நாதஸ்வரம் ஒரு சுரத்தில் நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் அதே சுரத்தில் பாடுகிறார். சுருதி ஒன்றுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எது நாதஸ்வரம், எது குரல் என்று சொல்லிவிடுவோம். அடிப்படை அதிர்வு ஒன்றாக இருந்தாலும், அதற்கு மேலே அடுக்கடுக்காக எழும் உபரி அதிர்வுகளில் எது பலமாக இருக்கிறது என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். நம் வாயும் அப்படி ஒரு கருவிதான், ஆனால் செக்கனுக்குப் பல தடவை தன் உருவத்தை மாற்றுகிற கருவி. தொண்டையில் பிறக்கிற அதிர்வு ஒன்றாகவே இருக்க, நாக்கும் உதடும் தாடையும் அசைந்து சிலவற்றைத் தூக்கிவிடும், சிலவற்றை அமுக்கிவிடும். "ஆ" என்று வாயைத் திறந்தால் முதல் வலுவான அடுக்கு சுமார் 700 ஹேர்ட்ஸில் வரும். "ஈ" என்று இழுத்தால் அது சுமார் 300க்கு இறங்கிவிடும், இரண்டாவது அடுக்கு மிக உயரத்துக்குப் போய்விடும். ஆளுக்கு ஆள் எண் மாறினாலும் இந்தக் கோலம் பெரிதாக மாறாது. பள்ளிக்கூடத்தில் பிறப்பியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல: நெஞ்சு, மிடறு, மூக்கு, நா, இதழ், பல், அண்ணம் என்று வரிசையாகச் சொல்லி எழுத்து எங்கே பிறக்கிறது என்று மனப்பாடம் செய்தோமே, அதையேதான் கணினி மறுமுனையிலிருந்து, ஒலியிலிருந்து பின்னோக்கி ஊகிக்கிறது. அம்மம்மா வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு கதைக்கும்போது அதற்கு ஏன் கூடுதல் கஷ்டம் என்றும் இப்போது விளங்கும். கருவிக்குள் இன்னொரு பொருள் கிடக்கிறது.

துண்டுகளையெல்லாம் இடமிருந்து வலமாக அடுக்கினால் ஒரு படம் கிடைக்கும். கிடையாக நேரம், மேல்நோக்கிச் சுருதி, பலமான இடம் வெளிச்சமாக. பேச்சின் படம் என்று சொல்லலாம். பெரும்பாலான மென்பொருள்கள் உண்மையில் வாசிப்பது இந்தப் படத்தைத்தான்.

இந்தப் படத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் எழுதும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடுகிறோம்; கதைக்கும்போதும் அப்படித்தான் விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். "நாளைக்கு வெள்ளன வெளிக்கிட்டு வா" என்று இயல்பாகச் சொல்லிப் படத்தைப் பாருங்கள். "நாளைக்கு" முடிந்து "வெள்ளன" தொடங்கும் இடத்தில் மௌனமே இல்லை. "வெள்ளன"வுக்கும் "வெளிக்கிட்டு"வுக்கும் நடுவிலும் இல்லை. குரல் ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் "வெளிக்கிட்டு" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மௌனங்கள் இருக்கின்றன. "க்க"வுக்காக நாக்கு அடியண்ணத்தை அடைக்கிறபோது ஒன்று, "ட்ட"வுக்காக நுனி மேலண்ணத்தை அடைக்கிறபோது இன்னொன்று. அந்த நேரங்களில் வாய் பூட்டிக் கிடக்கும், சத்தம் நின்றுவிடும். அதாவது நம் பேச்சில் மௌனம் பெரும்பாலும் சொல்லுக்குள்ளேதான் விழுகிறது, சொற்களுக்கு நடுவில் விழுவது குறைவு. "குடை", "குட்டை" இரண்டையும் பிரிப்பதும் அந்த மௌனத்தின் நீளம்தான்.

இப்போது "வெளி கிட்டு" எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? "க்க"வில் வந்த மௌனத்தைச் சொல் முடிகிற இடமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். "வெளி" தெரிந்த சொல், "கிட்டு"வும் எங்கோ கேட்ட சொல். வெட்டிவிட்டது.

இந்தச் சிக்கல் ஆராய்ச்சியாளர்களை நெடுங்காலம் ஆட்டிப்படைத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1952இல் "ஓட்ரி" என்ற இயந்திரத்தைச் செய்தார்கள். ஆள் உயரத்துக்கு நின்ற அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது பூச்சியத்திலிருந்து ஒன்பது வரையான எண்கள் மட்டும். அதுவும் பழகிய ஒருவரின் குரலில், ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்திச் சொன்னால்தான். 1962இல் சியாற்றில் உலகக் கண்காட்சியில் ஐபிஎம் நிறுவனம் காட்டிய "சூபொக்ஸ்" 16 சொற்களைக் கண்டுபிடித்தது. 1976இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் "ஹார்பி" 1,011 சொற்களுக்கு வந்தது. அங்கே அந்த ஆராய்ச்சிக் குழுவைக் கட்டியெழுப்பிய ராஜ் ரெட்டி சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். பிறகு 1994இல் கணினித் துறையின் உச்ச விருதான டியூரிங் விருது பெற்றார். சாதாரண வீட்டுக் கணினியில் நிறுத்தாமல் சரளமாகக் கதைத்து எழுதவைக்கிற "டிராகன் நச்சுரலி ஸ்பீக்கிங்" 1997இல்தான் கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய மென்பொருள்களிடம், கோபத்தில் இருக்கிற வாத்தியார் மாதிரி, ஒவ்வொரு சொல்லையும் வெட்டி வெட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு முக்கியமான மனமாற்றம் நடந்தது. முதலில் எல்லோரும் இலக்கணம் எழுதித்தான் கணினிக்குப் பேச்சைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நம்பினார்கள்: இந்த ஒலி இப்படியிருந்தால் இந்த எழுத்து, அதற்குப் பின்னால் இது வராது, என்று விதிமேல் விதி. 1970களில் ஐபிஎம்மில் ஃபிரெட் ஜெலினெக் தலைமையிலான குழு அந்தப் பாதையை விட்டது. அவர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். "இவர் என்ன சொன்னார்?" என்பதற்குப் பதிலாக, "இந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. எந்த வசனத்தைச் சொல்லியிருந்தால் இது கேட்க வாய்ப்பு அதிகம்?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து இன்று வரை பேச்சை அடையாளம் காண்பது ஒரு ஊகக் கணக்கு. உள்ளே இருக்கிற இயந்திரம் பல தரம் மாறிவிட்டது. 2010ஐ ஒட்டிய வருடங்களில் நரம்பு வலையமைப்புகள் வந்து பழைய முறைகளை ஓரங்கட்டின. ஆனாலும் கேள்வி அதேதான்.

நரம்பு வலையமைப்பு என்றவுடன் பயப்பட வேண்டாம். கோடிக்கணக்கான திருகாணிகள் உள்ள ஒரு பெரிய பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தால் பேச்சின் படத்தைப் போடுகிறோம், மறுபக்கத்தால் எழுத்து வருகிறது. தொடக்கத்தில் திருகாணிகள் கண்டபடி கிடக்கும். வருகிற எழுத்தும் கண்டபடிதான் இருக்கும். ஆனால் அந்த ஒலிப்பதிவில் உண்மையில் என்ன சொன்னார்கள் என்று ஒரு மனிதர் எழுதி வைத்திருக்கிறார். இரண்டையும் ஒப்பிட்டு, பிழை கொஞ்சம் குறைகிற பக்கமாக ஒவ்வொரு திருகாணியையும் ஒரு மயிரிழை திருப்புகிறார்கள். அடுத்த ஒலிப்பதிவு, பிறகும் ஒரு மயிரிழை. இப்படி இலட்சக்கணக்கான தடவை.

இங்கே தமிழுக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. "கல்", "தங்கம்", "அகம்" மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்று "க"வும் மூன்று சத்தம். யாரும் கணினிக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதில்லை. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்றும் சொல்வதில்லை. மூக்கொலிக்குப் பின்னால் வந்தால் இப்படி, இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் இப்படி என்று போதுமான அளவு கேட்டுக் கேட்டுத் தானாகப் பிடித்துக்கொள்கிறது. பாலர் வகுப்புக்குப் போக முன்னரே பிள்ளைகள் பிடித்துக்கொள்வதைப் போல.

ஆனால் ஒலி மட்டும் போதாத இடங்கள் நிறைய. எங்களில் பலர் பேச்சில் "ழ"வை "ள"வாகத்தான் சொல்கிறோம். பழம் "பளம்", ஏழு "ஏளு". அப்படியானால் உழவும் உளவும் காதுக்கு ஒன்று. "அண்ணை உழவு மிசின் கொண்டு வாறார்" என்றால் வயலுக்கு ட்ராக்டர் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒலியை மட்டும் நம்புகிற இயந்திரம் "உளவு மிசின்" என்று எழுதிவிட்டால், எங்கள் ஊரில் அது நல்ல பகிடியாக இருக்காது. இந்த இடத்தில் உதவுவது எதிர்பார்ப்பு. நிறையத் தமிழ் வாசித்த மென்பொருளுக்கு, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வரும் என்பதில் ஒரு பழக்கம் இருக்கும். "வயல்", "மிசின்" பக்கத்தில் இருந்தால் "உழவு". "படை", "இரகசியம்" பக்கத்தில் இருந்தால் "உளவு". இன்றைய மென்பொருள்கள் சொல்லுக்குச் சொல் முடிவெடுக்காமல் வசனத்தின் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. பின்னால் வரும் ஒரு சொல் முன்னால் எழுதியதைத் திருத்தும். போன் திரையில் எழுதிய சொல் திடீரென்று தானே மாறுவதைக் கண்டிருப்பீர்கள், அது இதுதான்.

அம்மம்மாவின் "வெள்ளன" மாட்டிக்கொண்டது இந்த எதிர்பார்ப்பில்தான். ஒரு பேச்சுக்கு எண் போட்டுப் பார்ப்போம். கேட்ட சத்தம் "வெள்ளன"வுடன் நூற்றுக்கு 60 பொருந்துகிறது, "வெள்ளை நான்" என்பதுடன் 30தான் பொருந்துகிறது. காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஆனால் அந்த மென்பொருள் படித்த தமிழில் "வெள்ளன" ஒரு இலட்சம் வசனத்துக்கு ஒரு தரம் வந்திருக்கிறது, மற்றது ஆயிரத்துக்கு ஒரு தரம் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் "வெள்ளை நான்" 50 மடங்கு முன்னுக்கு நிற்கும். உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது, ஆனால் நியாயம் இதுதான். கேட்டதை எழுதாமல், கேட்டிருக்கக் கூடியது என்று தான் நம்புவதை எழுதிவிட்டது. நாங்களும் அப்படித்தான். சத்தமான பஸ்ஸில் பாதி கேட்டும் மீதியை நிரப்பிக்கொள்கிறோம். ஆனால் எங்கள் நிரப்பலுக்குள் "வெள்ளன" இருக்கிறது.

இந்தப் பிழையை அளக்க ஒரு கணக்கு உண்டு. மாறிப்போன சொல், விடுபட்ட சொல், கூடுதலாக நுழைந்த சொல் மூன்றையும் கூட்டி, உண்மையில் சொன்ன சொற்களின் எண்ணிக்கையால் பிரிப்பார்கள். அம்மம்மா சொன்னது 5 சொல். "வெள்ளன" மாறியது, "வெளிக்கிட்டு" மாறியது, "நான்", "கிட்டு" இரண்டும் நுழைந்தவை. 4 பிழை, 5இல் 4 என்றால் 80 வீதம். கூடுதலாகச் சொற்கள் நுழைந்தால் இந்தக் கணக்கு 100 வீதத்தையும் தாண்டும். தமிழுக்கு இந்த அளவுகோல் கொஞ்சம் கொடுமையானது என்பது என் எண்ணம். "போகவேண்டியிருந்ததாலதான்" என்று நாங்கள் ஒரே மூச்சில் ஒட்டிச் சொல்வதில் ஒரு எழுத்து பிழைத்தாலும் முழுச் சொல்லும் பிழை. இடைவெளி விட்டதில் பிழைத்தாலும் பிழை. அதனால்தான் தமிழ் போன்ற மொழிகளுக்கு எழுத்துக் கணக்கிலும் பிழையை அளந்து பார்க்கிறார்கள்.

அப்படியானால் "வெள்ளன"வை ஏன் அது கேட்டுப் பழகவில்லை? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம். ஓபன் ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட "விஸ்பர்" என்ற மென்பொருள் 680,000 மணித்தியால ஒலிப்பதிவில் பழகியது. ஒருவர் இரவு பகல் நித்திரை இல்லாமல் கேட்டாலும் 77 வருடங்களுக்கு மேல் பிடிக்கும். அதில் இங்கிலீஷைத் தவிர்ந்த 96 மொழிகளுக்கு அந்தந்த மொழியிலேயே எழுதிப் பழகக் கிடைத்தது எல்லாமாகச் சேர்த்து 117,000 மணித்தியாலம். 96 மொழிகளில் ஒன்று தமிழ். அந்தத் தமிழுக்குள் எவ்வளவு பங்கு யாழ்ப்பாணப் பேச்சாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எழுத்தோடு சேர்ந்து கிடைக்கிற தமிழ் ஒலி பெரும்பாலும் செய்தி வாசிப்பு, மேடைப் பேச்சு, நேர்காணல். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் விலை கேட்கிற குரலை யார் எழுதி வைக்கப் போகிறார்கள்?

விளைவு சின்னச் சின்ன இடங்களில் தெரியும். "காற்று" என்று நாங்கள் சொல்லும்போது "ற்ற" தனி ஒலி. நாக்கு பல்லின் அடியில், "ட்ட"வுக்கும் "த்த"வுக்கும் நடுவில் படும். தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் "காத்து". அங்கே பழகிய மென்பொருளுக்கு எங்கள் "காற்று" கிட்டத்தட்ட "காட்டு" மாதிரிக் கேட்கும். என் போனில் "காற்று அடிக்குது" என்றால் "காட்டு அடிக்குது" என்று வந்திருக்கிறது. நாங்கள் "டொக்டர்" என்கிறோம், அது "டாக்டர்" என்று எழுதும். மாமா இருப்பது ரொறன்ரோவில், ஆனால் போன் அவரை டொராண்டோவுக்கு மாற்றிவிட்டது. இடியப்பத்துக்குச் சொதி கேட்டால் சோதி வரும். இதெல்லாம் பிழை என்று சொல்லவும் முடியாது. மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அது எங்களைத் திருத்துகிறது. யார் அதிகம் கதைத்துப் பதிந்தார்களோ, அவர்களுடைய பேச்சுத்தான் அதற்குச் "சரி".

மருந்து இல்லாமல் இல்லை. ஃபயர்ஃபொக்ஸ் உலாவியைத் தருகிற மொசில்லாவின் "கொமன் வொயிஸ்" திட்டம் 2017இல் தொடங்கியது. யாரும் போய்த் திரையில் வரும் வசனங்களை வாசித்துத் தங்கள் குரலைக் கொடுக்கலாம், மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டுச் சரி பார்க்கலாம். தமிழும் அதில் உண்டு. எழுதி வைக்காத வெறும் ஒலிப்பதிவிலிருந்தே மொழியின் ஒலிகளை முதலில் பழகிக்கொண்டு, பிறகு கொஞ்சம் எழுத்தைக் கொண்டு சீர்செய்கிற முறைகளும் 2020 தொடக்கம் நன்றாக முன்னேறியிருக்கின்றன. எங்களைப் போல எழுத்தில் குறைவாகவும் பேச்சில் நிறைவாகவும் இருக்கிற வழக்குகளுக்கு இது நல்ல செய்தி.

இன்னொரு வகைப் பிழை இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. ஒன்றும் கேட்காத இடத்தில், மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கிற இடத்தில், சில மென்பொருள்கள் யாரும் சொல்லாத முழு வசனங்களை எழுதிவிடும். இலக்கணப் பிழையே இல்லாமல், நல்ல அழகான வசனம். அதற்குப் பழக்கியதே "அடுத்து என்ன வரும்" என்று சொல்லத்தான். சொல்ல ஒன்றுமில்லாதபோதும் சொல்லிவிடுகிறது. "வெள்ளை நான்" என்று வந்தால் பிழை என்று கண்ணுக்குத் தெரியும். அழகான பொய் வசனம் தெரியாது. வைத்தியரின் குறிப்பு, பொலிஸ் முறைப்பாடு மாதிரியான இடங்களில் ஒலிப்பதிவை மீண்டும் கேட்டுப் பார்க்காமல் அந்த எழுத்தை நம்பக் கூடாது.

இதுவரை சொன்னது எழுதுவதைப் பற்றி. விளங்கிக்கொள்வது வேறு வேலை. "நாளைக்கு ஆறு மணிக்கு எழுப்பு" என்று போனிடம் சொன்னால், அது முதலில் எழுதுகிறது. பிறகு, இவர் கேட்பது என்ன வேலை, அதற்குத் தேவையான விவரம் எவை என்று பிரிக்கிறது: வேலை அலாரம், நாள் நாளை, நேரம் ஆறு. காலையா மாலையா என்று சொல்லவில்லை. எழுப்பச் சொன்னதால் காலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2011இல் ஐபோனுடன் வந்த "சிரி" போன்றவை ஆரம்பத்தில் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்தன. வேலைகளின் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டால் கையை விரித்துவிடும்.

சட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கிற இப்போதைய பெரிய மொழி மாதிரிகள் பட்டியலை நம்பி இருப்பதில்லை. அவை ஒவ்வொரு சொல்லையும் ஒரு நீண்ட எண் வரிசையாக வைத்திருக்கின்றன. ஒரே மாதிரியான இடங்களில் வருகிற சொற்களின் எண் வரிசைகளும் கிட்டக் கிட்ட வந்துவிடும். சொதி, புட்டு, இடியப்பம் மூன்றும் அப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சொதியை அது ருசித்ததில்லை. ஆனால் சொதி எதனோடு சேரும், எதனோடு சேராது என்று தெரியும். இதை விளங்குதல் என்று சொல்லலாமா என்பதில் பெரியவர்களே சண்டை பிடிக்கிறார்கள். நான் அந்தச் சண்டைக்குப் போகவில்லை.

என் சோதனை சின்னது. "ஓம்" என்றால் எங்களுக்கு ஆம். தமிழ்நாட்டு எழுத்தில் பழகிய ஒன்றுக்கு "ஓம்" வந்தவுடன் மந்திரம் நினைவுக்கு வரும். வசனத்துக்குள் வைத்துச் சொன்னால் சரியாகப் பிடித்துக்கொள்கிறது. "ஓம், வாறன்" என்றால் பிரச்சினையில்லை. ஆனால் "ஓமோம், நீ வருவாய், வருவாய்" என்று அம்மம்மா இழுத்துச் சொன்னால் அதன் அர்த்தம் "நீ வரப்போவதில்லை" என்று எனக்குத் தெரியும். எழுத்தில் அந்த இழுவை இல்லை. இரண்டு ஓமும் இரண்டு வருவாயும் மட்டும் இருக்கும். எழுத்தாக மாற்றாமல் ஒலியையே நேராக எடுத்துக்கொள்கிற மாதிரிகள் இப்போது வந்திருக்கின்றன. அவற்றுக்கு இந்த இழுவை கேட்கத்தான் செய்யும். அதில் இருக்கிற நக்கல் பிடிபடுமா என்பது, நக்கலைக் கேட்டுப் பழகியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

பலரும் கேட்கிற ஒரு கேள்வி: போன் எந்நேரமும் எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறதா? பெயர் சொல்லி அழைத்தால் விழிக்கிற உதவியாளர்களில் மிகச் சிறிய ஒரு கேட்கும் கருவி மட்டும் போனுக்குள்ளேயே விழித்திருக்கும். அதற்குத் தெரிந்தது அந்த ஒரு அழைப்புச் சொல்தான். கடைசிச் சில செக்கன் ஒலியைப் பிடித்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் அழித்துவிடும். பொருந்தினால்தான் பெரிய மென்பொருளை எழுப்பும், தேவையானால் நிறுவனத்தின் கணினிக்கு ஒலியை அனுப்பும். இடைக்கிடை தவறாக விழிப்பதும் உண்டு. இரகசியம் கதைக்கிறவர்கள் மைக் அனுமதியை நிறுத்திவிடுவது நல்லது.

அம்மம்மாவின் போனில் நான் இரண்டு காரியம் செய்தேன். சில போன்களின் மொழித் தெரிவில் "தமிழ் (இலங்கை)" என்று தனியாக இருக்கும், அதற்கு மாற்றினேன். பிறகு, ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு முழு வசனத்தையும் ஒரே ஓட்டத்தில் சொல்லச் சொன்னேன். பிழை வந்தவுடன் எல்லோரும் சொல்லைச் சொல்லாக நிறுத்திக் கத்திச் சொல்லப் பார்ப்பார்கள். அது இப்போதைய மென்பொருளுக்கு உதவாது; முன்னும் பின்னும் பார்த்து ஊகிக்கிற ஒன்றிடமிருந்து முன்னையும் பின்னையும் பறித்துவிடுகிறோம்.

கொஞ்சம் பரவாயில்லை என்று இருந்தது. ஆனால் அம்மம்மா என்னை நம்பிக்கொண்டு இருக்கவில்லை. தன் பாட்டில் இருந்து வெவ்வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்திருக்கிறா போல. இரண்டு கிழமை கழித்து ரொறன்ரோவிலிருந்து மாமா எனக்குக் கோல் எடுத்தார்.

"டேய், அம்மாவுக்கு என்ன நடந்தது? 'மகனே, நீ நலமாக இருக்கிறாயா? நாளை அதிகாலையில் தொலைபேசியில் அழைக்கவும்' எண்டு மெசேஜ் வந்திருக்கு. ஆரும் எழுதிக் குடுத்ததோ?"